எண்ணெய் வைக்காத தலை

படிவத்தை டோரின் அக்கா முதலில் வாசிப்பதில்லை. யன்னல் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். திகதிக்கு மேல் யாராவது வெள்ளை மை பூசியிருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும். பிறகு பெருவிரலால் மூலையைத் தேய்ப்பார். அது ஃபோட்டோ கொப்பியா இல்லையா என்பதை விரல் சொல்லும் என்பது அவருடைய நம்பிக்கை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் மூக்குக்கண்ணாடி கீழே இறங்கும்.

"ஒரிஜினல் எங்க?"

"இதுதான் ஒரிஜினல், அக்கா."

"ஒரிஜினல் எண்டா ஏன் இவ்வளவு புதுசா இருக்கு?"

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்தச் சின்ன அங்கிலிக்கன் ஆலயம் இருக்கிறது. ரயில் போகும்போதெல்லாம் அதன் யன்னல் கண்ணாடிகள் அதிரும். குருவானவர் அங்கி மாற்றும் அறைக்குப் பக்கத்து அறைதான் தமிழ்ச் சபையின் அலுவலகம். ஒரு மேசை, ஓர் இரும்பு அலுமாரி, மேசைக் காலில் நூலால் கட்டிய பேனா, இவற்றோடு இருபத்திரண்டு வருடமாக டோரின் அக்கா. ஞானஸ்நானமோ, திடப்படுத்தலோ, கலியாணமோ, எதுவானாலும் ஆண்டவரிடம் போகிறவர் முதலில் அக்காவைத் தாண்டியாக வேண்டும். ஆண்டவர் எல்லாரையும் ஏற்றுக்கொள்வார். அக்கா ஏற்றுக்கொள்வது லேசில் நடக்காது.

வயது ஐம்பத்தாறு. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி எட்டரைக்கு வந்துவிடுவார். தேங்காயெண்ணெய் வைத்து, வழித்து இழுத்து, ஒரு மயிர் அசையாமல் கட்டிய கொண்டை. தலைக்கு எண்ணெய் வைக்காமல் அவர் வீட்டுப் படி இறங்கியதை, தெமட்டகொடை ரயில்வே யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய கணவரே கண்டதில்லை.

ஐந்து வயதை நெருங்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டு யாராவது வந்தால் அக்காவுக்கு மூக்கில் வியர்த்துவிடும். பள்ளிக்கூட அனுமதிக்கு அந்தச் சான்றிதழ் உதவும் என்பது ஊரறிந்த விஷயம். "நாலரை வயசு வரையும் ஆண்டவரின்ர ஞாபகம் வரேல்லையோ?" என்று கேட்பார். "சேர்டிபிகேட் எப்ப எடுக்கலாம் எண்டுதான் முதல் கேப்பினம். பிள்ளையின்ர பேரைப் பிறகுதான் சொல்லுவினம். இருந்து பாருங்கோ" என்பது அவருடைய அனுபவம். நூற்றுக்கு அறுபது தடவை அது சரியாகவே இருந்திருக்கிறது. மிச்ச நாற்பது பேரும் கண் கலங்கி ஃபாதரிடம் போய் நிற்பார்கள். அக்கா இதுவரை ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

ஞாயிறு ஆராதனையிலும் இதே கண்தான். கடைசி வரிசை வாங்கில், தூணுக்குப் பக்கத்தில் அவருடைய இடம். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது யாருடைய உதடு எந்த வரியில் தடுமாறுகிறது என்று அங்கிருந்து பார்த்தால் தெரியும். பக்கத்து ஆளைப் பார்த்து முழந்தாளிடுகிறவர் புது ஆள். 'ஆமென்' அரை வினாடி பிந்தினால் அதுவும் புது ஆள். கலியாண அறிவித்தலை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். "தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம்" என்று ஃபாதர் சொன்னதும் சபை முழுதும் மரியாதைக்குக் குனிந்திருக்கும். அக்கா மட்டும் ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் அவர் அதிகம் இறுக்கிப் பிடிப்பது திடப்படுத்தலைத்தான். குழந்தையாக இருந்தபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் கொடுத்த வாக்கை, விபரம் தெரிந்த வயதில் தானே தன் வாயால் சொல்வது அது. பிஷப் தலையில் கை வைத்து ஜெபிப்பார். அதற்குப் பிறகுதான் நற்கருணை வாங்கலாம் என்பது இந்தச் சபையின் பழைய ஒழுங்கு. பிஷப் வருவது வருடத்தில் ஒரேயொரு நாள், யூலை மாதத்துக் கடைசி ஞாயிறு. அதற்கு முன் பன்னிரண்டு புதன்கிழமைகள் ஃபாதர் வகுப்பு எடுப்பார். வாசலில் கதிரை போட்டு, வரவுப் புத்தகத்தோடு அக்கா இருப்பார். மூன்று நாள் வராவிட்டால் அடுத்த வருடம்தான். கடைசி வகுப்பில் அவருடைய கட்டளைகள் வரும்: "முதல் நாளே தலை முழுகிப்போடுங்கோ. எண்ணெய் வைக்கப்படாது. பிஷப்பின்ர கை வழுக்கக்கூடாது. கண்ணாடி போடுறவை கழட்டிப்போட்டு வாங்கோ." வாயால் சொல்வதோடு நிறுத்த மாட்டார். அன்று காலை ஆலய வாசலில் நின்று, ஒவ்வொரு தலையாகக் குனியச் சொல்லி, வகிட்டில் விரலை ஓட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

சாரங்கன் வந்தது இந்த வருடம் தை மாதத்தில். முப்பத்து மூன்று வயது, கணினி நிறுவனம் ஒன்றில் வேலை, யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். பாடகர் குழுவில் பாடும் மிதுனாவை ஆவணியில் கட்டப்போகிறான். ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் யூலையில், கலியாணம் அடுத்த மாதம். இப்படி வருகிறவர்களை அக்கா நிறையப் பார்த்திருக்கிறார். எல்லாரும் பதிலைப் பாடமாக்கிக்கொண்டுதான் வருவார்கள்.

"ஏன் ஞானஸ்நானம் எடுக்கிறீர்?"

"சரியாச் சொல்லத் தெரியேல்ல அக்கா."

"மிதுனா கேட்டவவோ?"

"இல்லை. அவ இப்பிடியே கட்டலாம் எண்டுதான் சொன்னவ."

"அப்ப அவவின்ர அம்மா?"

"இல்லை. நானாத்தான் வந்தனான்."

அக்காவுக்கு அன்று பிடித்த சந்தேகம் பிறகு விடவில்லை. பொய் சொல்கிறவனை அவருக்குக் கையாளத் தெரியும். தெரியாது என்று சொல்கிறவனை என்ன செய்வது?

வகுப்பு தொடங்கிய பிறகு அவன் இரண்டு புதன்கிழமை வரவில்லை. ஒன்று வேலை. மற்றது தாயின் கண் சத்திரசிகிச்சை. அதற்கு ஆஸ்பத்திரித் துண்டைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்பதாம் வகுப்புக்கு, ஃபாதர் முடிவு ஜெபம் தொடங்கும் நேரத்தில், மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றான். அவனுடைய பெயருக்கு நேரே அக்கா சரியும் போடவில்லை, பிழையும் போடவில்லை. பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளி பிழையாக மாறினால் மூன்றாவது நாளாகிவிடும். யூலை போனால் ஆவணிக் கலியாணமும் தள்ளித்தான் போக வேண்டும்.

இதற்கிடையில், பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று அவன் ஃபாதரிடம் சொல்லியிருந்தான். ஃபாதரின் பெயர் நமசிவாயம். பெயரில் ஐந்தெழுத்து இருந்தாலும் ஆள் நாலாம் தலைமுறை அங்கிலிக்கன், அதுவும் யாரையும் சந்தேகிக்கத் தெரியாத அங்கிலிக்கன். "நல்ல காரியம்" என்று உடனே சொல்லிவிட்டார்.

"சும்மா உதவி செய்ய வாற ஆள் ஆர் ஃபாதர் இந்தக் காலத்தில?" என்றார் அக்கா.

சனிக்கிழமைகளில் அவன் மடிக்கணினியோடு வந்து உட்காருவான். அக்கா ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கொடுத்து, ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கி வைப்பார். ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. மண்ணிறத் தோல் முதுகுள்ள திடப்படுத்தல் பதிவேடு அது. அலுமாரியின் அடித்தட்டில் பழைய மேசைவிரிப்பின் கீழே கிடந்தது. "அதைக் கறையான் திண்டிட்டுது, தொடேலாது" என்றார். வெள்ளை மையை வெளிச்சத்தில் பிடிக்கிற டோரின் அக்கா சொன்ன பொய் அது.

அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தின் தலைப்பு, 1983 யூலை 31, ஞாயிற்றுக்கிழமை. அப்போதிருந்த குருவானவர் முன்கூட்டியே எல்லாம் எழுதி வைக்கும் பழக்கமுள்ளவர். பதினொரு பிள்ளைகளின் பெயரை வரிசையாக, முத்து முத்தாக எழுதி, கீழே பிஷப்பின் கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தார். அந்தக் கிழமைதான் கொழும்பு பற்றி எரிந்தது. பதினொரு பேரில் ஒருவரும் ஆலயத்துக்கு வரவில்லை. பிஷப்பும் வரவில்லை. ஐந்தாவதாக எழுதப்பட்ட பதினான்கு வயதுப் பிள்ளை, அகதி முகாமில் இருந்து, பிறகு கப்பலேறி யாழ்ப்பாணம் போனது. அங்கே ஆராதனையில் எல்லாரும் எழுந்து நற்கருணைக்குப் போனார்கள். அவளும் போனாள். ஒருவரும் கேட்கவில்லை. வீடு எரிந்து வந்த பிள்ளையிடம் யார் சான்றிதழ் கேட்பார்கள்?

கொழும்புக்குத் திரும்பி வந்து கலியாணம் கட்டும்போது படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: திடப்படுத்தப்பட்ட திகதி. டோரின் அக்கா 31.07.1983 என்று எழுதினார். அந்த வகுப்பில் அவர் இருந்தது எல்லாருக்கும் தெரியும். அதனால் அதை ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை இரண்டாவது தடவை அந்தத் திகதியை அவர் எங்கும் எழுதவில்லை. ஞானத்தாயாக நிற்கும்படி ஐந்து பேர் கேட்டும் மறுத்துவிட்டார். அந்தப் படிவத்திலும் அதே கேள்வி இருக்கிறது. அக்காவுக்குத் தலைக்கனம் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். நற்கருணைக்கு எப்போதும் கடைசி ஆளாகப் போவார். அதைத் தாழ்மை என்றார்கள்.

ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை அக்கா ஜிந்துப்பிட்டியில் ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை காலை, ஒழுங்கை முகப்பிலுள்ள கடைக்கு ஃபோட்டோ கொப்பி எடுக்கப் போனபோது கடைக்காரர் றிகாஸ் கதையோடு கதையாகச் சொன்னார்.

"மிஸ், ஒங்கட சர்ச்சு மாப்புள சனிக்கெழம வந்தாரு. பழய பெரிய பொத்தகம் ஒண்டு கொண்டாந்து ஒரு பக்கம் மட்டும் கொப்பி அடிச்சிட்டுப் போனாரு."

"எந்தப் பக்கம்?"

"நான் வாசிக்கல்ல மிஸ். பேரெல்லாம் இரிந்திச்சு. கையெழுத்து வைக்கிற எடம்தான் வெறுமையா இரிந்திச்சு."

அக்கா வந்த வேலையை மறந்து திரும்பி வந்து அலுமாரியைத் திறந்தார். மேசைவிரிப்பு ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது. அவர் ஒருநாளும் அதை மடித்து வைத்ததில்லை. சனிக்கிழமை ஃபாதரே புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். "கறையான் ஒண்டையும் காணேல்லையே, டோரின்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அந்த மூன்று நாளும் அக்கா பட்ட பாடு கொஞ்சமில்லை. ஃபோன் கிணுங்கினால் கைவேலையைப் போட்டுவிட்டு எடுத்துப் பார்த்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள், படம் பிடித்து அனுப்புவார்கள். புதன்கிழமை கடைசி வகுப்புக்கு வந்த சாரங்கன் வாசலில் நின்று, "சாப்பிட்டாச்சோ அக்கா?" என்று சிரித்தான். ஏன் சிரித்தான்? ஆறு மாதமாகக் கேட்காத கேள்வியை இன்றைக்கு ஏன் கேட்டான்? வரவுப் புத்தகத்தில் அந்தப் பென்சில் புள்ளி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் சரியாக்கினால், வாயை மூட லஞ்சம் கொடுத்ததாகிவிடும். பிழையாக்கினால், பயத்தில் பழி தீர்த்ததாகிவிடும். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு புதன்கிழமை வரவுப் புத்தகத்தில் மொத்தம் போடாமல் மூடி வைத்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் அவன் தனியாக வந்தான். கையில் மடித்த தாள்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"சொல்லும்."

தாளை விரித்து மேசையில் வைத்தான். "இந்தப் பக்கத்தில பதினொரு பேர் இருக்கினம். பிஷப்பின்ர கையெழுத்து இல்லை. நான் கணினியில ஒவ்வொரு பேருக்கும் நேர, திடப்படுத்தினதோ இல்லையோ எண்டு போட வேணும். என்ர அம்மா அப்ப இந்த ஒழுங்கையிலதான் இருந்தவ. அவவிட்டக் காட்டிக் கேப்பம் எண்டுதான் கொப்பி எடுத்தனான்."

"அம்மா என்ன சொன்னவ?"

"அந்தக் கிழமை ஒருத்தரும் ஒரு இடமும் போகேல்ல எண்டு சொன்னவ."

சாரங்கனின் விரல் ஒவ்வொரு பெயராக இறங்கியது. முதலாவது ஆள் கனடாவில் என்று தாய் சொன்னாராம். இரண்டாவதும் மூன்றாவதும் தெரியாதாம். நாலாவது லண்டன். நாலிலிருந்து விரல் நேரே ஆறுக்குப் போனது.

அக்கா அதைக் கண்டார். எந்த உதடு எந்த வரியைத் தாண்டுகிறது என்று பார்த்துப் பழகிய கண் அல்லவா. 'டோரின் மனோகரி' என்று அத்தனை தெளிவாக எழுதியிருந்த ஐந்தாவது வரியை அவன் வேண்டுமென்றேதான் தாண்டினான். இரக்கமா, தூண்டிலா? கண்ணாடியை இறக்கி அவனுடைய முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நீங்கள் என்ன சொல்லுறீங்களோ அதைப் போடுறன் அக்கா. ஓம் எண்டோ, இல்லை எண்டோ?"

ஓம் என்று ஒரு சொல் போதும். அந்தப் பிஷப் காலமாகி எவ்வளவோ வருடம். மற்றவர்கள் கடலுக்கு அப்பால். கணினியில் ஏறிவிட்டால் அதுவே ஒரிஜினல், பிறகு யாரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியாது. ரயில் ஒன்று போனது. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து ஓய்ந்ததும் அக்கா சொன்னார்.

"இல்லை எண்டு போடும்."

"பதினொரு பேருக்குமோ?"

"பதினொரு பேருக்கும்."

அவன் தலையாட்டிவிட்டுத் தாளை மடித்தான். அக்காவுக்கு வெட்கம் காதுவரை ஏறியது. அதோடு கோபமும் வந்தது.

"இதுக்காக அந்தப் புள்ளியைச் சரியாக்கிப்போடுவன் எண்டு நினையாதையும்."

"எந்தப் புள்ளி, அக்கா?"

அப்போதும் அக்கா அவனை விட்டுவிடவில்லை. அவன் நடிக்கிறானா என்று கடைசியாக ஒரு தடவை பார்த்தார். நடிப்பு மாதிரித் தெரியவில்லை. போகும்போது கதவடியில் நின்று அவன் சொன்னான், "எங்கட வகுப்பும் பதினொரு பேர்தான் அக்கா. பிஷப்புக்கு முன்னால ரெண்டு ரெண்டு பேராத்தான் முழந்தாளிட வேணுமாம். எனக்குத்தான் சோடி இல்லை."

வெள்ளிக்கிழமை காலை மண்ணிறப் பதிவேட்டையும் வரவுப் புத்தகத்தையும் கொண்டுபோய் அக்கா ஃபாதருக்கு முன்னால் வைத்தார். முதலில் புள்ளியைக் காட்டினார். "இதை நீங்களே தீர்த்து வையுங்கோ ஃபாதர். என்ர கை இதில படக்கூடாது." பிறகு மற்றதைத் திறந்து, ஐந்தாவது வரியில் விரலை வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அழவில்லை. சொல்லி முடித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும்போதுதான் அழுதார்.

ஃபாதர் நமசிவாயம் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி ஐந்தாவது வரியை வாசித்தார்.

"நாப்பது வருஷமா நற்கருணை எடுத்துப்போட்டன் ஃபாதர்."

"தெரியும். கடைசிப் பத்து வருஷமும் நான்தானே தந்தனான்." அவர் பேனாவை எடுத்து, புள்ளியின் மேல் பெரிதாக ஒரு சரி போட்டார். "மழையில நனைஞ்சு வந்தவனை வரேல்ல எண்டு எழுதேலாது, டோரின்." பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து நீட்டினார். "வகுப்புக்கு வந்தனீரோ?"

"இருவத்திரண்டு வருஷம் கதவடியில இருந்தனான்."

"ஞானஸ்நான சேர்டிபிகேட்? ஒரிஜினல் எங்க?"

ஃபாதருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து, பொலித்தீன் உறைக்குள் நாலாக மடித்திருந்த மஞ்சள் தாளை எடுத்துக் கொடுத்தார். முகாமுக்கும் கப்பலுக்கும் கூடவே போய் வந்த தாள் அது. ஃபாதர் விளையாட்டுக்கு அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்புகள் வழியே வெளிச்சம் வந்தது.

யூலை கடைசி ஞாயிறு காலை ஏழரைக்கு ஆலய வாசலில் வழக்கம்போல டோரின் அக்கா நின்றார். கையில் பட்டியல். வெள்ளை உடுப்பில் வந்த ஒவ்வொரு பிள்ளையும் குனிந்தது, அவருடைய விரல் ஒவ்வொரு வகிட்டிலும் ஓடியது. ஒருத்தியைத் திருப்பியனுப்பி, குழாயடியில் தலை கழுவிவிட்டு வரச் சொன்னார். கடைசியாக வந்த சாரங்கனின் தலையில் விரலை இரண்டு தடவை ஓட்டி, விரலை மணந்தும் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. பதினோராவது பெயருக்குச் சரி போட்டார். அதற்குக் கீழே அவருடைய கையெழுத்திலேயே இன்னொரு பெயர் இருந்தது.

சாரங்கன் நிமிர்ந்தபோதுதான் அவரைச் சரியாகப் பார்த்தான். வெள்ளைச் சேலை. கொண்டைக்குள் அடங்காமல் நரைமயிர் நாலாபக்கமும் பறந்தது. அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தார். பட்டியலை அவனிடம் நீட்டினார். பிறகு அவன் முன்னால் தலையைக் குனிந்தார்.

"எண்ணெய் இருக்கோ எண்டு பாரும்."